காரவள்ளியில் இறங்கிய பெண்

ஜூன் மாதம் கல்லூரி திறக்கிற வாரத்தில் இன்றைக்கும் எனக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன.

போன வாரம், என் இடத்துக்கு வந்திருக்கும் விடுதிக் காப்பாளர் போனில் கூப்பிட்டாள். இளவயதுப் பெண். "அக்கா, முதல் வருசப் பிள்ளைங்க வந்துட்டாங்க. ஆளாளுக்கு அழுவுதுங்க. நான் யாரைன்னு பாக்கறது?" என்றாள்.

"அழுவறவளைப் பத்திப் பயப்படாதே கண்ணு. அழாம, தட்டைக் கழுவி வெச்சுட்டு, பையை மாட்டிக்கிட்டு நேரத்துக்குக் கெளம்பறவ ஒருத்தி இருப்பா. அவளைப் பாரு" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கொல்லிமலையில் திருப்புலி நாட்டில் பிறந்தவள். சில ஊர்கள் சேர்ந்ததை நாங்கள் நாடு என்போம். எங்களுக்கு மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும்தான் வெள்ளாமை. எங்கள் ஊட்டிலிருந்து, அதாவது வீட்டிலிருந்து, மலையை விட்டுக் கீழே இறங்கிப் படித்த முதல் ஆள் நான்தான். படித்தேன், பி.எட். முடித்தேன், பழங்குடிப் பிள்ளைகளின் விடுதிகளில் காப்பாளர் வேலை கிடைத்தது. பல வருடங்கள் பள்ளி விடுதிகளிலேயே ஓடின. கடைசிக் காலத்தில் கல்லூரி மாணவிகள் விடுதிக்கு மாற்றினார்கள். அது இருந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். மலையை விட்டு இறங்கிப் போகிற தூரத்தில் இருக்கும் ஒரு நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுதி வேலையில் பயம் கிடையாது. மணி அடித்தால் எழுவார்கள், மணி அடித்தால் சாப்பிடுவார்கள், பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஒரு பிள்ளை வகுப்புக்குப் போகாவிட்டால் பத்தாவது நிமிடம் எனக்குத் தெரிந்துவிடும். கல்லூரி விடுதி அப்படி இல்லை. காலையில் கேட்டைத் திறந்துவிட்டால் அவ்வளவுதான். சாயங்காலம் பெயர் கூப்பிடுகிற வரைக்கும் அந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கல்லூரிக்காரர்களுக்கும் தெரியாது.

அந்தப் பெண்களுக்கும் அது புரிய நாளாகும். முதல் வாரத்தில் ஒருத்தி வந்து, "அம்மா, இன்னிக்கு மூணு பீரியட் யாருமே வரலீங்க. நாங்க பேசாம உக்காந்துட்டே இருந்தோம்" என்பாள். எழுந்து போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மதியம் சாப்பிடாமல் வந்து நின்றாள். மணி அடிக்கவே இல்லையாம். பாத்ரூம் போக யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியாமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் உண்டு. பள்ளியில் சீருடை இருந்தது. இங்கே தினம் ஒரு கலர் உடுப்பு வேண்டும், இருப்பதோ நாலு. இதையெல்லாம்விடப் பெரிய அடி பாடம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். இங்கே வாத்தியார் உள்ளே வந்து இங்கிலீஷில் ஆரம்பித்து இங்கிலீஷிலேயே முடித்துவிட்டுப் போய்விடுவார். நோட்ஸ் சொல்ல மாட்டார். எழுதினாயா என்று பார்க்க மாட்டார். பெயர்கூடக் கேட்க மாட்டார்.

எனக்கு மேலதிகாரி வசந்தா மேடம். மாவட்டத்து விடுதிகளுக்கெல்லாம் பொறுப்பு. அவர் வருகிறார் என்றால் சமையல்கார அம்மாவுக்குக் கரண்டி நடுங்கும். ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். வந்ததும் ஆபீசில் உட்கார மாட்டார், சமையலறைக்கும் போக மாட்டார். நேராகக் குளியலறைகளுக்குப் போய் ஒவ்வொரு கதவின் தாழ்ப்பாளையும் போட்டுப் போட்டு இழுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் சோறு, அப்புறம்தான் பதிவேடு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். நாம் பதில் சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது போல நாமே தடுமாறி மிச்சத்தையும் கொட்டிவிடுவோம். 'பரவாயில்லை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

ஒரு வருடம் குண்டனி நாட்டிலிருந்து பவித்ரா என்ற பெண் வந்தாள். பி.எஸ்ஸி. கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். மலை மேல் எல்லா பஸ்ஸும் வந்து நிற்கும் செம்மேடு நிறுத்தத்தில் அவள் போட்டோ போட்டு ஆளுயர பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'எங்கள் மலையின் பெருமை' என்று கொட்டை எழுத்து. விடுதியில் சத்தமே இல்லாத பெண். அழவில்லை. காலையில் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சாயங்காலம் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் அம்மா" என்பாள். நான் கவலைப்பட்ட பெண்களில் அவள் இல்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயம். ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும், கல்லூரியிலிருந்து அவள் வகுப்புப் பொறுப்பாசிரியை போன் செய்தார்.

"பவித்ராவுக்கு உடம்பு சரியில்லைங்களா? இந்த வாரம் பூரா வகுப்புக்கு வரலீங்களே."

"தினமும் வர்றாளேங்க. இன்னிக்குக்கூட எட்டு மணிக்குக் கெளம்பிட்டாளே" என்றேன்.

அந்தப் பக்கம் வருகைப் பதிவேட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இங்க வரலீங்க" என்றார்.

அறைக்கு ஓடினேன். போர்வை மடித்தபடி இருந்தது. உடுப்பெல்லாம் பெட்டியிலேயே இருந்தது. அவள் போனுக்கு அடித்தேன், அணைந்திருந்தது. பஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே எங்கள் விடுதிப் பெண்களை அடையாளம் தெரிந்த பூக்கார அம்மா, "கொல்லிமலை பஸ்ல ஏறுச்சுங்க, காத்தாலயே" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது. ஊட்டு ஞாபகத்தில் போய்விட்டாள், அவ்வளவுதானே? அவள் அப்பா போனுக்கு அடித்தேன். டவர் கிடைக்கவில்லை. அந்தப் பஸ் மலையிலிருந்து இறங்கி வரும் வரை அங்கேயே நின்றேன். கண்டக்டரைப் பிடித்து அடையாளம் சொன்னேன்.

"ஆமாங்க, அந்தப் பாப்பாதான். செம்மேட்டுக்கு டிக்கெட் வாங்குச்சு. ஆனா காரவள்ளியிலயே எறங்கிருச்சுங்க. ஏம்மா எறங்கறேன்னு கேட்டேன். பதிலே சொல்லலீங்க."

காரவள்ளி அடிவாரம். அங்கிருந்துதான் வளைவுகள் ஆரம்பிக்கின்றன. அங்கே அவளுக்கு யாரும் கிடையாது. ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் தோட்டங்கள், தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. நான் பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வசந்தா மேடத்துக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஜீப்பில் வந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டார். முடித்த பிறகும் வழக்கம்போலப் பார்த்தார். பிறகு, "போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். இப்பவே" என்றார்.

நான் அவர் கையைப் பிடிக்காத குறைதான். "மேடம், ஒரு ரெண்டு மணி நேரம் பொறுங்க. போலீஸ் மலைக்குப் போய் விசாரிச்சா பொழுது சாயறதுக்குள்ள அத்தனை நாட்டுக்கும் தெரிஞ்சுரும். விடுதியில பொண்ணு காணாமப் போச்சுன்னு பேசுவாங்க. மத்த பொண்ணுங்களையும் வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. கூட்டிட்டுப் போனா அப்புறம் கல்யாணம்தான். நான் அந்த ஊர்க்காரி, எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றார். "கூட்டிட்டுப் போனவங்களைத் திருப்பிக் கூட்டியார நாம போய் நிக்கலாம். கெணத்துல விழுந்தவளைத் திருப்பிக் கூட்டியார முடியுமா?"

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அவர் போலீஸ்காரர்களோடு தேடுவதற்காகக் காரவள்ளியில் தங்கினார். ஜீப்பை என்னிடம் கொடுத்து, "அப்பா அம்மாவுக்குப் போன்ல சொல்லாதே. நேர்ல போ" என்று அனுப்பினார்.

அந்த வளைவுகளில் நான் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். அன்றைக்குப் போல் ஒரு நாளும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளத் துணிச்சல் இல்லை. மனதில் ஒரே ஒரு நம்பிக்கைதான். வேறு வண்டி பிடித்து ஊட்டுக்குப் போயிருப்பாள், அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள், நான் போய் இரண்டு திட்டுத் திட்டுவேன்.

குண்டனி நாட்டில் அவர்கள் ஊடு ஊருக்குக் கடைசி. வாசலில் அவள் அம்மா குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வார்டனம்மா! வாங்க, வாங்க. பவித்ரா வரலீங்களா?"

அந்தக் கேள்வியிலேயே என் நம்பிக்கை போய்விட்டது.

அவர் உள்ளே பார்த்து, "ஏனுங்க, இங்க வாங்க, வார்டனம்மா வந்திருக்காங்க. நம்ம புள்ளைக்குப் பரிசு கிரிசு குடுக்கறாங்களாட்ட இருக்குது" என்று கூப்பிட்டார். எனக்கு உட்காரப் பலகை போட்டார். காபி வைக்கச் சொம்பை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவர் கையில் இருந்த சொம்பு கீழே விழவில்லை, அவர் கத்தவும் இல்லை. அப்படியே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் உள்ளிருந்தே கேட்ட பவித்ராவின் அப்பா வெள்ளையன் வந்து நின்றார். ஒல்லியான மனிதர்.

"எங்க எறங்குனா?"

"காரவள்ளியிலங்கண்ணா."

"தனியாவா?"

"தனியாத்தானுங்க."

அவர் திரும்பி மலைச்சரிவைப் பார்த்தார். "பஸ்ஸுல வந்தா செம்மேட்டுல எறங்கோணும். அங்க அவ போட்டோவை வெச்சிருக்குதுங்க..." என்று சொல்லி நிறுத்தினார். பிறகு, "நடந்துதான் வாரா" என்றார். "சின்னதுல பலாப்பழம் சுமந்துக்கிட்டு நானும் அவளும் காரவள்ளிக்குக் காட்டுத் தடத்துலதான் எறங்குவோம். அது அவளுக்குத் தெரியும்."

அந்தப் பழைய நடைபாதையில் இப்போது ஆள் நடமாட்டம் இல்லை. ரோடும் பஸ்ஸும் வந்த பிறகு காடு அதை மூடிவிட்டது. கரடி இறங்குகிற இடம் என்றும் சொல்வார்கள். மழை வேறு தூறத் தொடங்கியிருந்தது. வெள்ளையன் அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் வரவேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

வழுக்குகிற பாறை, முழங்கால் உயரப் புல். அவர் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. காட்டில் ஒருவரையொருவர் அழைக்க எங்கள் ஆட்கள் எழுப்பும் நீளக் குரல் ஒன்று உண்டு. அதைக் கொடுப்பார், நிற்பார், காது கொடுப்பார். பதில் இல்லை. மறுபடி நடப்பார். பாதை பள்ளத்தை ஒட்டி வருகிற இடங்களில் மட்டும் குரல் கொடுக்க மாட்டார். ஓரத்துக்குப் போய் முதலில் கீழே பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வருவார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் காலையே பார்த்தேன்.

வெளிச்சம் மங்கத் தொடங்குகிற நேரத்தில் அவர் சட்டென்று கை காட்டினார். கீழே ஒரு சுனையின் பக்கத்தில் பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கல்லூரிப் பை. செருப்பு வார் அறுந்து ஒரு கால் வெறும் காலாக இருந்தது. விரலெல்லாம் ரத்தம்.

எங்களைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள். வகுப்பில் டீச்சர் வந்தால் எழுவதுபோல, நேராக, பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"டி.சி. வாங்கிட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்குப் புரியவே இல்லை. "என்ன டி.சி.?"

"கணக்குல அம்பதுக்கு நாலு மார்க்குங்கம்மா."

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கல்லூரியின் முதல் உள்தேர்வில் அவளுக்கு நாலு மார்க். பள்ளியில் மாதத் தேர்வில் தவறுகிற பிள்ளைகளின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் முன்பே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். பள்ளியின் தேர்ச்சி குறையக்கூடாது என்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியையே அப்படி அனுப்பியதைப் பார்த்திருக்கிறாள். தனக்கும் அதுதான் என்று முடிவு செய்துகொண்டாள். பெயரைக் கூப்பிட்டு டி.சி.யை நீட்டுவதற்குள் தானே வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தினமும் காலையில் கிளம்பிப் பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறாள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களை ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அங்கேயும் உட்கார முடியவில்லை. மலைக்குப் பஸ் ஏறினாள். காரவள்ளி வந்ததும், இன்னும் கொஞ்ச நேரத்தில் தன் போட்டோவுக்குக் கீழே போய் இறங்க வேண்டும் என்று நினைத்தாள். இறங்கிவிட்டாள். பாதி மலை ஏறிய பிறகு ஊட்டுக்குப் போகவும் பயம், திரும்பிப் போகவும் பயம்.

"நாலு மார்க் எடுத்தா யாரும் டி.சி. தரமாட்டாங்க சாமி. காலேஜ்ல பாதிப் பேர் அப்படித்தான். அடுத்த பரீட்சை எழுதுவாங்க. பாஸாகலன்னா அரியர் வெச்சு மறுபடியும் எழுதுவாங்க" என்றேன்.

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "மறுபடியும் எழுத உடுவாங்களா?"

"உடுவாங்க."

"இதை யாருமே எனக்குச் சொல்லலீங்களே அம்மா."

வெள்ளையன் அவளை அடிக்கவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலைச் சுனைத் தண்ணீரில் கழுவினார். "பசிக்குதா கண்ணு?" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பேன். நான் பயந்தது நடந்தது. நாங்கள் காட்டில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், செம்மேட்டில் போலீஸ்காரர்கள் அந்த பிளெக்ஸையே காட்டிக் கடை கடையாக விசாரித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் விடுதி வாசலில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. மூன்று பெண்களின் அப்பாக்கள்.

அதில் ஒருத்தி கவிதா, பைல் நாட்டுப் பெண், மூன்றாம் வருடம். கடைசி இரண்டு பருவம்தான் பாக்கி. கெட்டிக்காரி, பவித்ராவின் அறையில் மூத்தவள். "அப்பா, நான் என்னப்பா பண்ணுனேன்? இன்னும் கொஞ்ச மாசம்தானுங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைக் கட்டினாள். அவர் என் பக்கம் திரும்பி, "உங்க மேல குத்தம் சொல்லலீங்க வார்டனம்மா. ஆனா எங்களுக்கு மானம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா" என்று மட்டும் சொன்னார். நான் எவ்வளவோ பேசினேன். வண்டி போய்விட்டது.

வசந்தா மேடம் சொன்னபடி என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். மூன்று ஊட்டு வாசலிலும் போய் நின்றார். இரண்டு பெண்கள் திரும்பி வந்தார்கள். கவிதாவுக்கு அதற்குள் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் ஜீப்பில் நான் கேட்டே விட்டேன். "அவளைக் கண்டுபிடிச்சது அவ அப்பாதானுங்க மேடம். போலீஸ் இல்ல. ரெண்டு மணி நேரம் பொறுத்திருந்தா கவிதா படிச்சு முடிச்சிருப்பா."

"ஆமா, ஈஸ்வரி" என்றார். "நாளைக்கே இன்னொரு பொண்ணு காணாமப் போனாலும் நான் அதையேதான் செய்வேன்." அந்தப் பதில் சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்து வெள்ளையன் பவித்ராவைத் தானே கொண்டுவந்து விட்டார். முதல் பருவத்தில் இரண்டு பாடம் போயிற்று. மறுபடி எழுதி வாங்கினாள். இப்போது திருப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. என் போனை அவ்வளவாக எடுப்பதில்லை. என் குரலைக் கேட்டால் அந்தப் பாறை ஞாபகம் வருமோ என்னவோ.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் நாள் நானே புதிய பெண்களோடு கல்லூரிக்கு நடந்து போனேன். பாத்ரூம் எங்கே, மணி அடிக்காவிட்டாலும் எப்போது சாப்பிடலாம், புரியாவிட்டால் வாத்தியாரை எந்த அறையில் போய்ப் பார்க்கலாம், வருகை குறைந்தால் என்ன ஆகும், அரியர் என்றால் என்ன என்று சொல்லுவேன். முதல் ஆறு மாதம் ஒன்றும் புரியாது, அது உன் மூளையின் கோளாறு இல்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சாயங்காலம் பெயர் கூப்பிடும்போது ஒரு பதில் தாமதமானால்கூட அந்த அறைக்கே ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஓய்வு பெறுகிற நாள் வரை அந்தப் பழக்கம் போகவில்லை.

இந்த ஜூனில் கவிதா திருப்புலி நாட்டில் இருக்கும் என் ஊட்டுக்கு வந்தாள். இரண்டு குழந்தைகளுக்கு அம்மா. அவள் தங்கைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. "எல்லாத்தையும் சொல்லிப்போடுங்கம்மா, ஒண்ணு விடாம" என்று அவளை என் முன்னால் உட்கார வைத்தாள். நான் சொன்னேன். தங்கை கிளம்பி வாசலுக்குப் போன பிறகும் கவிதா எழவில்லை.

"ஏனுங்கம்மா, பாதியில நின்னவங்களை... மறுபடியும் எழுத உடுவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். கேட்டுப் பார்க்கலாம் வா என்றேன்.

அடுத்த வாரம் இருவரும் போனோம். கல்லூரி கேட்டருகே அவள் நின்றுவிட்டாள். புதுப்பிள்ளைகள் எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். "ஏனுங்கம்மா, உள்ள போனா மொதல்ல யார்கிட்டப் பேசறது?"

"ஆபீஸ்ல. நான் வரட்டுமா?"

புடவையைச் சரிசெய்துகொண்டாள். "வேண்டாங்க. நீங்க இங்கயே இருங்க."

நான் வெளியே மரத்தடியில் நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே என்ன சொல்லி அனுப்புவார்களோ என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக அவள் வந்தாள்.

"உடுவாங்களாமாங்க. யுனிவர்சிட்டியில பழைய ஆளுங்களுக்கு அறிவிப்பு வாரப்ப எழுதலாமாம். ஆனா பாடமெல்லாம் மாறிப்போச்சாம். முச்சூடும் புதுசாப் படிக்கோணும்."

"வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டியா?"

"இல்லீங்க" என்றாள். "இனிமேத்தான் சொல்லோணும். அதை நெனைச்சாத்தான் பயமா இருக்குது."

கொல்லிமலை பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.